நிரலுக்கும் உண்டு வில்லங்கம்

2003 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த தன் மாநாட்டில் எஸ்சிஓ நிறுவனம் சில நிரல் வரிகளைத் திரையில் காட்டியது. தனக்குச் சொந்தமான யுனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து லினக்ஸுக்குள் எடுத்துச் செல்லப்பட்டவை இவை என்பது குற்றச்சாட்டு. யாரும் படித்துவிடக் கூடாதென்று சில பகுதிகளைக் கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றியிருந்தார்கள். எழுத்துருவைப் பழையபடி மாற்றியதும் வரிகள் படிக்கக் கிடைத்துவிட்டன. திறமூல இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான புரூஸ் பெரென்ஸும் வேறு சிலரும் சில நாட்களிலேயே அவற்றின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு துண்டு, பெர்க்லி பாக்கெட் ஃபில்டர் எனப்படும் வலைப்பின்னல் நிரல். அது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்து, பிஎஸ்டி உரிமத்தில் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. லினக்ஸில் இருந்ததோ அதே வேலைக்காக வேறொருவர் தனியாக எழுதியது. இன்னொரு துண்டு, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் சிறு செயற்கூறு. இது உண்மையிலேயே பழைய யுனிக்ஸ் நிரல்தான். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் கணினிகளுக்காக அளித்த கோப்பு ஒன்றின் வழியாக லினக்ஸுக்குள் வந்திருந்தது. ஆனால் எழுபதுகளின் அந்த யுனிக்ஸ் நிரலை 2002 ஜனவரியில் பிஎஸ்டி வகை உரிமத்தில் வெளியிட்டதே கால்டெரா என்ற நிறுவனம். கால்டெராவின் புதிய பெயர்தான் எஸ்சிஓ.

குற்றச்சாட்டில் சாரமில்லை என்று இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது துண்டு. அது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எங்கிருந்து கிடைத்தது, எந்த உரிமத்தில் கிடைத்தது என்று உள்ளே விடும்போது யாரும் கேட்கவில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் பராமரிப்பாளர்கள் அந்த மாநாட்டுக்கு முன்பே அந்தக் கோப்பை நீக்கத் தொடங்கியிருந்தார்கள். காரணம், அது அழகற்ற நிரல், ஏற்கெனவே உள்ள வசதியைத் திரும்பச் செய்கிறது என்பது. நிரலின் தரத்தைப் பார்க்கக் கண்கள் இருந்தன, அதன் உரிமையைப் பார்க்க இல்லை. நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் மண்வளத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. தாய்ப்பத்திரம் கேட்கிறார், வில்லங்கச் சான்று எடுக்கிறார். லினக்ஸ் அதுவரை மண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கான விலை சிறியதல்ல. எஸ்சிஓ 2003 மார்ச் 6 அன்று ஐபிஎம் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. பின்னர் அந்தத் தொகை 500 கோடியானது. 2003 மே மாதத்தில் சுமார் 1500 பெருநிறுவனங்களுக்கு, லினக்ஸைப் பயன்படுத்தினால் நீங்களும் பொறுப்பாகலாம் என்று கடிதம் போனது. ஒரு செயலிக்கு 699 டாலர் கட்டினால் வழக்கிலிருந்து தப்பலாம் என்று உரிமமும் விற்றார்கள். அந்த யுனிக்ஸ் பதிப்புரிமை எஸ்சிஓவிடம் இல்லவே இல்லை, நோவெல் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்று ஜூரி தீர்ப்பளித்தது 2010 மார்ச்சில். திவாலான எஸ்சிஓவின் சொத்துப் பொறுப்பாளர்களுக்கு ஐபிஎம் 1.425 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது 2021-ல். பொய்யாகிப்போன ஒரு குற்றச்சாட்டு பதினெட்டு ஆண்டுகள் உயிரோடிருந்திருக்கிறது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்குத் தந்த பதில் 2004 மே மாதத்தில் வந்தது. வழக்கறிஞர்கள் எழுதும் நீண்ட ஒப்பந்தமாக அது இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். பேட்ச் எனப்படும் நிரல் மாற்றத்தை அனுப்புகிறவர் அதன் அடியில் ‘சைன்டு ஆஃப் பை’ என்று ஒரு வரி எழுதித் தன் பெயரையும் மின்னஞ்சலையும் இட வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் உறுதிமொழி நிற்கிறது. இதை நானே எழுதினேன், இந்தத் திட்டத்தின் உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. அல்லது, முன்பே தகுந்த திறமூல உரிமத்தில் இருந்த ஒன்றைக்கொண்டு இதைச் செய்தேன். அல்லது, இப்படி உறுதியளித்த இன்னொருவரிடமிருந்து பெற்று மாற்றாமல் தருகிறேன். இந்த மூன்றில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும். இந்தப் பங்களிப்பும் என் பெயரும் பொதுப் பதிவேட்டில் நிலையாக இருக்கும் என்பதை அறிவேன் என்ற நான்காம் கூறு அடுத்த ஆண்டு சேர்ந்தது.

மூன்றாவது கூறுதான் இதில் நுட்பமானது. கெர்னலுக்கு வரும் பேட்ச் நேராக டோர்வால்ட்ஸிடம் போவதில்லை. ஒரு டிரைவரைக் கவனிப்பவர், அதற்கு மேல் அந்தத் துணைப்பகுதியைக் கவனிப்பவர் என்று கைமாறிப் போகிறது. ஒவ்வொருவரும் தன் பெயரை அடியில் சேர்க்கிறார். எழுதியவரிலிருந்து இறுதியாக ஏற்றுக்கொண்டவர்வரை ஒரு சங்கிலி அந்தப் பேட்ச்சிலேயே பதிந்துவிடுகிறது. 2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளை எழுதியபின், ஒவ்வொரு மாற்றத்தோடும் இந்தச் சங்கிலியும் சேர்ந்து சேமிக்கப்பட்டது. அதன்பின் சேர்ந்த ஒரு கெர்னல் வரியைச் சுட்டி இது யாருடையது என்று கேட்டால் சில நொடிகளில் விடை கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் பதிப்புரிமை கைமாறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியவரே பதிப்புரிமையாளராக நீடிக்கிறார். திறந்திருப்பதைக் கட்டாயமாக்கும் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வெளிவரும் கெர்னலுக்கு அதே உரிமத்தில் தன் வரிகளைத் தருகிறார். வந்த உரிமமும் வெளியே போகும் உரிமமும் ஒன்றே. ஆயிரக்கணக்கானவர்களின் சொத்து ஒரே கூரையின் கீழ் இருக்கிறது, கூரைக்கு ஒற்றை உரிமையாளர் இல்லை.

இதற்கு நேர் எதிரான முனையில் இருப்பது எஸ்க்யூலைட். நம் கைப்பேசிகளில் குறுஞ்செய்திகளும் தொடர்புகளும் தங்கியிருக்கும் தரவுத்தளம் பெரும்பாலும் அதுதான். அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் அதை எந்த உரிமமும் இல்லாமல், யாருக்கும் சொந்தமற்ற பொதுச் சொத்தாக வெளியிட்டிருக்கிறார். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் வெளியார் நிரல் என்று வரும்போது உலகத்திலேயே இறுக்கமான வாசல்களில் ஒன்று அதற்குத்தான். தன் படைப்பின் உரிமையை ஆசிரியர் முழுவதுமாகத் துறப்பதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை. ஜெர்மனியில் பதிப்புரிமையை விற்கவும் முடியாது, துறக்கவும் முடியாது. எனவே பங்களித்தவர்கள் கையொப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரங்களின் மூலப்படிகளைத் தீப்பிடிக்காத பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். முன்பின் அறியாதவர் அனுப்பும் பேட்ச்சை அப்படியே சேர்ப்பதில்லை. கொடுப்பதில் வரம்பே வைக்காத ஒரு திட்டம் பெறுவதில் இவ்வளவு கடுமையாக இருப்பதில் முரண் ஏதும் இல்லை. ஒரு துளி வில்லங்கம் கலந்தாலும் ‘இது எல்லோருக்கும் உரியது’ என்ற அதன் வாக்கு பொய்யாகிவிடும்.

இரண்டுக்கும் இடையில், பதிப்புரிமையையே எழுதி வாங்கிக்கொள்ளும் மரபு ஒன்று உண்டு. அதன் வேரும் ஒரு காயத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984-85-ல் குனு ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தியை உருவாக்கியபோது ஜேம்ஸ் கோஸ்லிங்கின் ஈமாக்ஸிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்கொண்டார். கோஸ்லிங் தன் நிரலின் உரிமையை யூனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அந்நிறுவனம் வந்து, விநியோகத்தை நிறுத்து என்றது. ஸ்டால்மன் 1985-ல் அந்தப் பகுதிகளைப் புதிதாக எழுதி மாற்றினார். பின்னர் அவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஈமாக்ஸ், ஜிசிசி கம்பைலர் போன்றவற்றில் குறிப்பிடத்தக்க அளவு பங்களிக்கும் ஒவ்வொருவரிடமும் பதிப்புரிமையை எழுத்துபூர்வமாகப் பெறத் தொடங்கியது. வேலை பார்ப்பவராக இருந்தால் முதலாளியிடமிருந்தும் விலக்குக் கடிதம் கேட்டது. ஏறக்குறைய பதினைந்து வரிகளுக்குக் கீழே என்றால் தாள் வேண்டாம் என்பது குனு பராமரிப்பாளர்களுக்கான வழிகாட்டுதல்.

அந்தப் பதினைந்து வரி ஒரு நடைமுறைக் கணக்குதான், சட்டத்தின் எல்லைக்கோடு இல்லை. ஆரக்கிள் கூகுள் மீது தொடுத்த ஆண்ட்ராய்டு வழக்கில், 2012-ல், ஒரு வரிசைப் பட்டியலின் எல்லையைச் சரிபார்க்கும் ஒன்பதே வரிகள் பதிப்புரிமையை மீறியவை என்று ஜூரி முடிவுசெய்தது. ஜாவா உருவான சன் நிறுவனத்தில் முன்பு பணியாற்றி, பின்பு கூகுளுக்குப் போன பொறியாளர் ஒருவர் வழியாக அவை வந்திருந்தன. அந்த வழக்கின் பெரிய கேள்வியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-ல் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒன்பது வரிகள் ஒரு நீதிமன்றத்தில் எத்தனை பக்கங்களை நிரப்பும் என்பதை உலகம் பார்த்துவிட்டது.

அறக்கட்டளை உரிமையை வாங்கும்போது பதிலுக்கு ஒன்று தருகிறது. இந்த நிரல் என்றும் கட்டற்றதாகவே விநியோகிக்கப்படும் என்ற வாக்குறுதி அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இது மிகப் பெரிய வேறுபாடு. பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் தாளில் கையொப்பமிட்டு அனுப்பும் சுமை பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. ஈமாக்ஸிலிருந்து பிரிந்த எக்ஸ்ஈமாக்ஸ் இப்படி உரிமை எழுதி வாங்கவில்லை. அதனால் அங்கே விளைந்த நல்ல நிரலைக்கூடக் குனு ஈமாக்ஸால் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. 2021 ஜூனில் ஜிசிசி இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, லினக்ஸ் பாணி உறுதிமொழியையும் ஏற்கத் தொடங்கியது. இரண்டே மாதத்தில் சி நூலகமான ஜிலிப்சியும் அதே வழியில் வந்தது.

நிறுவனங்கள் நடத்தும் திறமூலத் திட்டங்கள் வேறொரு வழியைப் பிடித்தன. அது பங்களிப்பாளர் ஒப்பந்தம். பதிப்புரிமை உங்களிடமே இருக்கட்டும், ஆனால் உங்கள் வரிகளை எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் வெளியிடும் அனுமதியை எங்களுக்குத் தாருங்கள் என்பது பெரும்பாலான இத்தகைய ஒப்பந்தங்களின் சாரம். வெளியே எல்லோருக்கும் ஓர் உரிமம். நிறுவனத்துக்கு மட்டும் அதைவிட அகலமான ஓர் உரிமம். கையொப்பமிடுகிறவர் இதை ஒரு சடங்காக எடுத்துக்கொள்கிறார். அந்தச் சடங்கின் பொருள் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவருகிறது.

தரவுத்தள நிறுவனமான மாங்கோடிபி 2018 அக்டோபரில் ஏஜிபிஎல் உரிமத்திலிருந்து தானே எழுதிய எஸ்எஸ்பிஎல் உரிமத்துக்கு மாறியது. ஏஜிபிஎல் நிரலை எழுதிய வெளியார் ஒவ்வொருவரும் சம்மதிக்காமல் அப்படி மாற்ற முடியாது. அந்தச் சம்மதம் ஒப்பந்தத்தின் வழியே முன்கூட்டியே நிறுவனத்தின் கையில் இருந்தது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்ட் 10 அன்று டெர்ராஃபார்ம் உள்ளிட்ட தன் மென்பொருள்களை மோசில்லா உரிமத்திலிருந்து வணிகக் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாற்றியதும் இதே சாவியால்தான். பெரிய மேகக்கணி நிறுவனங்கள் தங்கள் உழைப்பை விற்றுச் சம்பாதிக்கின்றன, திருப்பி ஒன்றும் தருவதில்லை என்ற அவர்களுடைய மனக்குறையில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திறமூலம் என்று நம்பி இரவு விழித்து வேலைசெய்த வெளியார் ஒருவரின் வரிகள், அவர் ஒருபோதும் தேர்ந்தெடுத்திராத உரிமத்துக்குள் அவரைக் கேட்காமலே போய்ச்சேர்ந்தன. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாகாது. ரெடிஸ் தரவுத்தளம் 2024 மார்ச்சில் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாறியபோது யாருடைய தனி அனுமதியும் தேவைப்படவில்லை. அதன் பழைய பிஎஸ்டி உரிமமே, பெயர்க்குறிப்பை வைத்துக்கொண்டு எதையும் செய்துகொள்ள எவருக்கும் இடம் கொடுத்திருந்தது. பங்களிப்பவருக்குத் தன் வரிகள் என்றும் திறந்தே இருக்க வேண்டுமானால் இரண்டும் ஒன்றாக அமைய வேண்டும்: திறந்திருப்பதைக் கட்டாயமாக்கும் உரிமம், அதை மாற்றும் அதிகாரத்தை ஒரே கையில் குவிக்காத வாசல். கெர்னலில் இரண்டும் இருக்கின்றன.

டெர்ராஃபார்மிலிருந்து பிரிந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்த ஓபன்டோஃபு, வெளியார் நிரலுக்குக் கெர்னல் பாணி உறுதிமொழியையே தேர்ந்தெடுத்தது. அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 2024 ஏப்ரலில், புதிய கட்டுப்பாட்டு உரிமத்தில் இருக்கும் எங்கள் நிரலை நகலெடுத்துவிட்டீர்கள் என்று ஹாஷிகார்ப்பிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஓபன்டோஃபு பதற்றமில்லாமல் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. குறிப்பிட்ட செயற்கூறுகளை ஒவ்வொன்றாக வைத்து, இரு தரப்பும் பழைய மோசில்லா உரிம நிரலின் இன்னொரு பகுதியைப் பார்த்தே எழுதியிருப்பதால்தான் இவை ஒத்திருக்கின்றன என்று வரிக்கு வரி காட்டியது. எஸ்சிஓ காலத்தில் நினைவையும் பழைய அஞ்சல்களையும் துழாவித் தேட வேண்டியிருந்த பூர்வீகம், இங்கே மாற்ற வரலாற்றில் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

உரிமை சிதறிக் கிடப்பதன் விலையும் உண்டு. உரிமத்தை மாற்ற நல்ல காரணம் வரும்போது அந்த விலை தெரிகிறது. காணொளிகளை இயக்கும் விஎல்சி மென்பொருளின் ஐபோன் பதிப்பு, ஜிபிஎல் உரிமத்தோடு ஆப்பிள் கடையின் நிபந்தனைகள் பொருந்தவில்லை என்று அதன் நிரலாளர்களில் ஒருவரே முறையிட, 2011 ஜனவரியில் நீக்கப்பட்டது. பிற மென்பொருள்களும் விஎல்சியின் மையத்தை எளிதாகப் பயன்படுத்த வேண்டும் என்று அதைத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, அத்திட்டத்தை முன்னின்று நடத்திய ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் முனைந்தார். ஆண்டுக்கணக்கில் பங்களித்துவிட்டுப் போனவர்கள், மின்னஞ்சல் மாறியவர்கள், வேலை மாறியவர்கள் என நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 2017-ல் அபாச்சி உரிமத்துக்கு மாற முடிவுசெய்தபோது, பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லையென்று கொள்வோம் என்று எழுதிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. புதிய உரிமத்தோடு மூன்றாம் பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில்தான். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டம் எளிதில் இடம்தராது. எதிர்த்தவர்கள் சொன்னதே சரி.

இந்தச் சிரமத்தை ஒரு குறையாகவே பலர் எழுதுகிறார்கள். நான் இதை ஒரு காவலாகப் பார்க்கிறேன். நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப்போய் ஏன் மாற்ற வேண்டும் என்று விளக்கி அவர்களுடைய ஒப்புதலைப் பெற முடிகிற மாற்றம், அநேகமாகத் தேவையான மாற்றமாகவே இருக்கும்.

இரு திட்டங்களும் திறமூலமாக இருந்துவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. உரிமங்களுக்குத் திசை உண்டு. பிஎஸ்டி நிரல் ஜிபிஎல் திட்டத்துக்குள் போகலாம், ஜிபிஎல் நிரல் பிஎஸ்டி திட்டத்துக்குள் அந்த உரிமத்தோடு நுழைய முடியாது. 2007-ல் இரண்டு திசையிலும் இது சோதிக்கப்பட்டது. அந்த ஏப்ரலில், பிராட்காம் வைஃபை டிரைவர் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த ஓபன்பிஎஸ்டி நிரலாளர், லினக்ஸ் டிரைவரின் ஜிபிஎல் பகுதிகளைத் தற்காலிகமாக வைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்து, அவர் டிரைவரையே கைவிட்டார். அதே ஆண்டில் அத்தெரோஸ் சில்லுக்கான ஓபன்பிஎஸ்டி நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவர முயன்றவர்கள், பிஎஸ்டி அறிவிப்பை எடுத்துவிட்டு ஜிபிஎல் அறிவிப்பைப் போட்ட ஒரு பேட்ச்சைச் சுற்றவிட்டார்கள். பிஎஸ்டி உரிமம் கேட்பது ஏறக்குறைய ஒன்றே ஒன்றைத்தான்: அறிவிப்பை அழிக்காதே. கொண்டுவந்த நிரலின் பெயர்க்குறிப்பு பிறகு காப்பாற்றப்பட்டது. இரண்டு நிகழ்விலும் களவு எண்ணம் எனக்குத் தெரியவில்லை; கோப்பின் தலைப்பில் இருக்கும் பத்து வரிகளை யாரும் பொருட்படுத்திப் படிக்காததே தெரிகிறது. அந்தத் தலைப்புகளை ஒரே சீராக்க, 2017 நவம்பரில் வந்த 4.14 பதிப்பிலிருந்து கெர்னல் கோப்புகளின் முதல் வரியில் இயந்திரம் படிக்கக்கூடிய உரிம அடையாளத்தை எழுதத் தொடங்கினார்கள்.

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே திறமூலத்துக்குப் பங்களிக்கும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. அதன் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணியின்போது ஊழியர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். எழுதியவர் நீங்களே என்றாலும் அதைக் கொடுக்கும் உரிமை உங்களிடம் இல்லாமல் போகலாம். உறுதிமொழியில் ‘எனக்கு உரிமை உண்டு’ என்ற சொற்களுக்கு இங்கேதான் உண்மையான எடை. வேலைக்குச் சேரும்போது கையொப்பமிடும் ஒப்பந்தங்கள் சில, விடுமுறை நாளில் சொந்தக் கணினியில் எழுதியதையும் வளைத்துக்கொள்ளும் அளவுக்கு அகலமாக இருக்கின்றன. பேட்ச் அனுப்புமுன் அந்தத் தாளைத் தேடிப் படித்து, தேவையானால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவது எழுதியவருக்கும் திட்டத்துக்கும் நல்லது.

அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே நகலெடுத்து, பங்களிப்பாளரிடம் உரிமை வாங்கும் இந்தியத் திட்டங்கள் இதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இங்கே பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள்வரை நீடிக்கிறது. இன்று இருபது வயதில் ஒருவர் அனுப்பும் பேட்ச் அவருடைய பேரப்பிள்ளைகளின் சொத்தாகவும் இருக்கக்கூடும்.

எழுதியவர் ஒரு மனிதர் என்பதே இதுவரை சொன்ன எல்லா ஏற்பாடுகளுக்கும் அடிப்படை. செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் நிரல் அந்த அடிப்படையை அசைத்துவிட்டது. பலவகை உரிமங்களில் இருந்த கோடிக்கணக்கான வரிகளைப் படித்துப் பழகிய கருவி தரும் ஒரு செயற்கூறு, யாருடைய நிரலை எந்த அளவுக்கு ஒத்திருக்கிறது என்பதை அதைக் கேட்டு வாங்கியவரால் சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில் ஜென்டூ லினக்ஸ் அத்தகைய பங்களிப்புகளைத் தடைசெய்தது. அடுத்த மாதமே நெட்பிஎஸ்டி திட்டம், அவற்றைக் கறைபட்ட நிரலாகவே கருதுவோம் என்றும், மையக் குழுவின் எழுத்துபூர்வ அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது என்றும் விதி செய்தது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் க்யூஎமு திட்டம் 2025-ல் எடுத்த நிலைப்பாடு இன்னும் தெளிவானது. உறுதிமொழியில் கையொப்பமிடுகிறவர் தன் பங்களிப்பின் பதிப்புரிமை, உரிம நிலை இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். கருவி தந்த நிரலுக்கு அப்படி நம்பிக்கையோடு உறுதியளிக்க இப்போதைக்கு வழியில்லை, எனவே ஏற்கமாட்டோம் என்றார்கள். ஆராய்வதற்கும் பிழை தேடுவதற்கும் கருவியைப் பயன்படுத்துவதை அவர்கள் தடுக்கவில்லை. சட்டம் தெளிவடைந்தால் விதியைத் திருத்தவும் தயாராக இருக்கிறார்கள்.

எல்லாத் திட்டங்களும் இவ்வளவு கண்டிப்பாக இல்லை. கையொப்பமிடும் மனிதர் பொறுப்பேற்றால் போதும் என்று விடுபவையும் பல. க்யூஎமுவின் வழியே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வரியை இன்று மறுத்தால் யாரோ ஒருவர் அதைத் தன் கையால் திரும்ப எழுதுகிறார், அவ்வளவுதான் இழப்பு. ஐந்தாண்டு கழித்து அது வேறொருவருடையது என்று தெரியவந்தால், அதற்குள் அதன்மேல் நூறு பேர் எழுதிய நிரலையும் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய வேண்டியிருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் உழைக்கும் சில பராமரிப்பாளர்கள்.